பேர் ஏறின வீடு, பேர் ஏறாத வீடு

எங்கள் தெருவில் ஒரு ஆளைப் பற்றி விசாரிக்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "பேரு ஏறிச்சா?" பெண் கேட்டு வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள், மளிகைக் கடைக்காரரும் அதைத்தான் கேட்பார். சாவு வீட்டுக்கு வந்து உட்காருகிறவர்கள்கூட, அழுகை ஓய்ந்ததும் மெல்ல அதைத்தான் கேட்பார்கள். மில்லின் மஸ்டர் புத்தகம் என்கிற வருகைப் பதிவேட்டில் ஒருவன் பெயரை எழுதிக்கொண்டார்கள் என்றால் அவன் நிரந்தரம், அவன் மனுஷன். எழுதவில்லை என்றால், விடிகாலையில் கேட்டுக்கு வெளியே குந்தியிருக்கும் கும்பலில் அவனும் ஒருத்தன். சாதி, மதம் எல்லாம் இதற்கு அப்புறம்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். சாதி அதுபாட்டுக்கு இருந்தது, இதுவும் அதன் மேல் வந்து ஏறிக்கொண்டது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது தெரு. தொழிற்பேட்டை வந்த புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், முளைத்த தெரு அது. மேற்குக் கோடியில் ஓட்டு வீடுகள். அங்கே பேர் ஏறினவர்கள் இருந்தார்கள்: மில்லின் நிரந்தர ஆட்கள், ரயில்வே கேங்மேன் ஒருவர், எண்ணூர்ப் பக்கம் மின்சார வேலைக்குப் போய்வந்த ஒருவர். நடுவில் கீற்றுக்கு மேல் தார்த்தாள் போட்ட வீடுகள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். மேஸ்திரி கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் சும்மா. கிழக்குக் கோடியில், மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் இடத்தில், நாங்கள். தடாப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்காரர்கள் நாலு வீடு. மீதி எல்லாம் எங்கள் ஆட்கள், வயல் கூலிகளாக இருந்து, வயல்காரர் நிலத்தை விற்றதும் இங்கே வந்து விழுந்தவர்கள். அந்த நிலத்தில்தான் மில் எழும்பியது. என் நைனா ஏர் ஓட்டிய இடத்தில் இரும்புக் கம்பி உருட்டினார்கள். வயல் போயிற்றே என்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. வயலில் மட்டும் என்ன வாழ்ந்தது, அங்கேயும் குனிந்த முதுகுதான்.

தெருவுக்கு ஒரே குழாய். முதல் ஷிப்டு ஆள் இருக்கிற வீட்டுக் குடம் முதலில் என்று ஒரு சட்டம் இருந்தது. யார் போட்ட சட்டம் என்று எவருக்கும் தெரியாது. பேர் ஏறாத வீட்டுப் பெண்கள் கடைசியில் நிற்க வேண்டும். அம்மா நின்றாள், நானும் நின்றேன். எனக்கு அப்போது பதினாறு, பதினேழு வயசு இருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியாயிற்று. வாய் மட்டும் நிற்கவில்லை. "சைரன் உங்க ஊட்டுக்கு மட்டும்தான் ஊதுதா?" என்று கேட்டு ஒருத்தியிடம் கன்னத்தில் வாங்கியிருக்கிறேன். அவளை நானும் சும்மா விடவில்லை.

மேற்குக் கோடியில் மூன்றாவது வீட்டை எல்லாரும் ஐயரூடு என்பார்கள். அவர்கள் ஐயர் இல்லை, ஐயங்கார். திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் தலைமுறையாகக் கைங்கரியம் செய்கிற குடும்பம். "நாங்க ஐயர் இல்லடி" என்று அந்த வீட்டு மாமி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தெரு கேட்கவில்லை. மாமியின் வீட்டுக்காரர் நாலு அண்ணன் தம்பிகளில் மூன்றாமவர். கோயில் முறையில் நாலு பேருக்கும் பங்கு. அந்தப் பங்கை நம்பி மூன்று பெண் குழந்தைகளை வளர்க்க முடியாது என்று ஆனபோதுதான் அவர் மில்லுக்கு வந்தார். வந்த வருசமே பேர் ஏறிவிட்டது. கம்பி உருட்டும் இடத்தில் இடுக்கி பிடிக்கிற வேலை. அண்ணன்களிடம் மட்டும் ஆபீசில் எழுதுகிற வேலை என்று சொல்லி வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு சங்கடம். அமாவாசை என்றால் திருவள்ளூரில் கூட்டம் நெரியும், முறைக்காரர் அன்றைக்கு அங்கே இருந்தாக வேண்டும். தை மாச உற்சவம் என்றால் பத்து நாள். போகாவிட்டால் அவர் பங்கை அண்ணன்கள் விழுங்கிவிடுவார்கள். போனால் இங்கே மில்லில் ஆள் இல்லை, நாலு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் மஸ்டரில் பெயரை அடித்துவிடுவார்கள். கோயிலையும் விட முடியாது, மில்லையும் விட முடியாது. எங்களுக்கு விடுவதற்கு எதுவும் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை.

இதற்கு எங்கள் தெரு ஒரு வழி வைத்திருந்தது. பேர் ஏறினவனுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போகிறான் என்றால், பேர் ஏறாத ஒருத்தன் அவனுடைய பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போவான். வில்லையில் நம்பர் இருக்கும். டைம் ஆபீஸ் ஜன்னலில் அதைக் காட்டினால், புத்தகத்தில் அந்த நம்பருக்கு உரிய பெயரைக் கூப்பிட்டு ஒரு கோடு இழுப்பார்கள். போட்டோ ஒட்டுகிற வழக்கமெல்லாம் அப்போது அங்கே இல்லை. மேஸ்திரிக்குத் தெரியும், டைம்கீப்பருக்கும் தெரியும். மிஷின் முன்னால் ஆள் நின்றால் அவர்களுக்குப் போதும். அன்றைய கூலி உள்ளே போனவனுக்கு, வருகை பெயருக்கு உரியவனுக்கு. இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

நைனா அப்படித்தான் அமாவாசைக்கு அமாவாசை ஐயங்கார் ஆனார். நாங்கள் வேதக்காரர்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை போட்ட மனுஷன், ஜன்னலுக்குள்ளிருந்து பெருமாள் பெயர் ஒன்றைக் கூப்பிட்டதும் "ஆஜர் சார்" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தேமே என்று நின்றாராம். பின்னால் இருந்தவன் விலாவில் இடித்திருக்கிறான். அப்புறம் பழகிவிட்டது. உள்ளே எல்லாரும் அவரைக் கிண்டல் பண்ணுவார்கள்.

"இன்னா ஐயங்காரே, நாஷ்டா ஆச்சா? புளியோதரையா, சக்கரைப் பொங்கலா?"

நைனா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. காரணம், அந்த வில்லையை வாங்குகிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். ஐயரூட்டுப் படிக்குக் கீழே நின்று நைனா இருமுவார். மாமி வில்லையின் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு வந்து, அவர் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே இருந்து விடுவாள். ஒரு தடவை அது குறி தப்பிச் சாக்கடையில் விழுந்தது. நைனாதான் கையை விட்டு எடுத்துக் கழுவிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மாமியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உடும்மே," என்பார் நைனா. "அந்தம்மா அவங்க பயத்துல கீறாங்க. இந்த வருசம் போவறதுக்குள்ள உன் பேர ஏத்திடறேன்னு மேஸ்திரி சொல்லிகினு கீறாரு. ஏறிடிச்சுன்னா எவன் வில்லையும் நமக்கு வாணாம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்கள் வீடு இருந்தது. என்னைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து வந்தவர்களிடம்கூட அம்மா அதையே சொன்னாள்: "ஏறப்போவுது."

அந்தத் தை மாசம் மாமி வீட்டுக்காரர் உற்சவத்துக்குத் திருவள்ளூர் போனார். பத்து நாளும் நைனா உள்ளே போவதாக ஏற்பாடு. ஐந்தாம் நாள் முற்பகலில், உருளைகளுக்கு நடுவிலிருந்து வந்த பழுக்கக் காய்ந்த கம்பி தடம் தப்பிச் சுழன்று நைனாவின் கால்கள் இரண்டையும் சுற்றிக்கொண்டது. வலது கால் தொடை வரை வெந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை எழுத எனக்கு மனசில்லை.

ஃபோர்மேன் வில்லையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினார். அதில் இருந்த நம்பருக்கு எந்தப் பெயரோ அந்தப் பெயர். மில் வண்டியிலேயே ஏற்றி, சென்னையில் இருந்த இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கட்டில் கிடைப்பது பேர் ஏறினவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்தான்.

மத்தியானம் மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்றார். சேதி கேட்டதும் அம்மா அடித்துக்கொண்டு ஓடப் பார்த்தாள். அவர் குறுக்கே கையை நீட்டினார்.

"கம்முனு கெட. கத்தி ஊரக் கூட்டாத. உன் ஊட்டுக்காரரு அங்க ஐயங்காரு பேர்ல படுத்துனு கீறாரு. நீ போயி என் புருசன்னு நின்னா, கட்டில்லேர்ந்து எறக்கி உட்ருவாங்க. ஐயங்காரு வேலையும் பூடும், என் வேலையும் பூடும். உன் ஆளு பொழைக்கணுமா, வாணாமா?"

"பொழைக்கணும்," என்றாள் அம்மா.

"அப்ப ஐயரூட்டம்மாவ அனுப்பு. இன்சூரன்ஸ் அட்டை அவங்ககிட்டதான் கீது."

அம்மா தெரு முழுக்க நடந்து மேற்குக் கோடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். படிக்குக் கீழே நின்று, கையைக் கூப்பிக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். மாமி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. திருவள்ளூருக்கு ஆள் அனுப்பிக் கேட்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் அட்டையை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தாள். குழந்தைகளைக் கேங்மேன் வீட்டில் விட்டாள்.

"நான் வரேன். ஒன் பொண்ணும் வரட்டும். நேக்கு அவரைத் தொட்டு ஒண்ணும் பண்ண முடியாது, அவதான் பண்ணணும்," என்றாள்.

வார்டில் கூட இருக்க ஒரே ஒரு பாஸ், அதுவும் மனைவிக்கு. மாமி அட்டையைக் காட்டினாள். "என் ஆத்துக்காரர்," என்றாள். குரல் நடுங்கியது; புருஷன் இப்படிக் கிடந்தால் யாருக்கும் நடுங்கும்தானே என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். என்னைக் காட்டி, "இவ எங்காத்துல வேலை செய்யற பொண்ணு," என்றாள். எடுபிடிக்கு என்று என்னையும் உள்ளே விட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள், தினமும் காலைப் பாசஞ்சரில் எங்களோடு வந்து, சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

வேலைக்காரப் பெண் நோயாளியை நைனா என்று கூப்பிட முடியாது. நான் அவரைச் சாமி என்று கூப்பிட்டேன். "சாமி, கஞ்சி குடிங்க. சாமி, கொஞ்சம் திரும்புங்க." அவர் என்னைப் பார்ப்பார். புரிந்ததா புரியவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஏழு நாளும் ஒரு தடவைகூட நான் வாய் தவறவில்லை.  தவறியிருந்தால்தான் என்ன, அவர் காதில் ஒரு தடவையாவது நைனா என்று விழுந்திருக்கும்.

இரண்டாம் நாள் நர்சம்மா கட்டுப் பிரிக்க வந்தபோது கழுத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஐயங்கார்னு எழுதியிருக்கு, சிலுவை தொங்குது?"

 மாமி அசரவில்லை.

"பொண்ணுக்கு வாந்திபேதி வந்தப்போ வேளாங்கண்ணிக்கு வேண்டிண்டோம். அப்போ கட்டிண்டது," என்றாள்.

நர்சம்மா போனதும் சிலுவையைக் கழற்றி என் கையில் வைக்கச் சொன்னாள். மறுநாள் வரும்போது திருமண் பெட்டியைக் கொண்டுவந்தாள். என்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் குழைத்து, குச்சியால் நைனாவின் நெற்றியில் நாமம் போட்டாள். நடுக்கோடு வளைந்துவிட்டது. சட்டென்று விரலால் துடைத்துத் திருத்தினாள். தொட்டுவிட்டோம் என்பது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது போலிருக்கிறது, அந்த விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைக்கு அவளை வெறுத்தேனா, இல்லையா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

ஜுரம் ஏறினால் நைனா புலம்புவார். "ஏசப்பா, ஏசப்பா" என்றுதான் வரும். மாமி உடனே பக்கத்தில் நகர்ந்து, "நாராயணா, நாராயணா" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பிப்பாள். அடுத்த கட்டில்காரருக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்கும். அவர் என்னிடம், "உங்க மாமிக்கு எவ்ளோ பக்தி பாரு," என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கேட்டுக்கு வெளியே போனால் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்பாள். சாப்பிட்டாரா, யார் ஊட்டினது, என்னைக் கேட்டாரா. நான்தான் ஊட்டினேன் என்று சொன்னாலும் நம்ப மாட்டாள்.

"நான் தெருவுல குந்திகினு கீறேன். அவ உள்ள என் புருசன் பக்கத்துல குந்திகினு கீறா," என்றாள் ஒருநாள். பொறாமையா, நன்றியா, ஒன்றும் பிரிக்க முடியவில்லை அந்தப் பேச்சில்.

அப்போதுதான் வினை வந்தது. ஐந்தாம் நாள் டாக்டர் மாமியைக் கூப்பிட்டு, வலது கால் அழுகிவிட்டது, எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. ரெண்டு நாளைக்கு மேல் தள்ளினால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும். மனைவி ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

மாமி காகிதத்தை வாங்கிக்கொண்டாள், போடவில்லை. மச்சினர் வரட்டும், பெரியவாளைக் கேட்கணும் என்று என்னவோ சொல்லிச் சமாளித்தாள். அன்றைக்கு மத்தியானம் அம்மா வேப்பமரத்தடியில் மாமியின் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமி விலகவில்லை.

"போடும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும். கால் போனாப் போவுது, ஆளு மிஞ்சட்டும்."

"நான் போட்டா எங்காத்துக்காரருக்குக் கால் இல்லைன்னு மில்லுல எழுதிடுவா," என்றாள் மாமி. அழுதுகொண்டே சொன்னாள். "ரெண்டு காலையும் வச்சுண்டு அவர் எந்த மில்லுக்குள்ள போவார்? மூணு பொண்ணை வச்சுண்டு நான் எங்க போவேன்?"

  ஒருத்தி புருஷனுடைய காலும் இன்னொருத்தி புருஷனுடைய வேலையும் ஒரே காகிதத்தில் இருந்தன. மில்லில் போய் உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், சொன்ன நிமிஷமே கட்டில் போய்விடும். கட்டில் போனால் காலை யார் எடுப்பார்கள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் கூட்டத்தில் தரையில் போட்டுவிடுவார்கள் என்று பயம். இதையே சுற்றிச் சுற்றிப் பேசினோம். மாமி கேங்மேனின் மகனைத் திருவள்ளூருக்கு அனுப்பி, தன் வீட்டுக்காரரைக் கையோடு வரச் சொன்னாள். அவர் வந்தால் ஏதாவது வழி சொல்வார் என்று நம்பினாள். நாங்களும் நம்பினோம். உற்சவம் முடியாமல் அவரால் நகர முடியவில்லை. ரெண்டு நாள் அப்படியே போயிற்று. நைனாவின் காலிலிருந்து வந்த வாடை வராந்தா வரைக்கும் அடித்தது. என்னால் மட்டும் அதை வாடை என்று நினைக்க முடியவில்லை.

ஏழாம் நாள் முற்பகலில் மாமி வீட்டுக்காரர் வந்தார். குளித்து, நாமம் போட்டு, உற்சவத்துக்குக் கட்டின வேட்டியோடு வந்திருந்தார். வழியில் மேஸ்திரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார் என்பது அப்புறம் தெரிந்தது. காலை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி மில்லுக்குப் போய், அந்த நம்பருக்கு வேறு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

அவர் நேரே டாக்டரிடம் போனார். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சார், இந்த நம்பருக்கு உடையவன் நான். இதோ இருக்கேன், ரெண்டு காலோட. இந்த ஆள் யாருன்னு நேக்குத் தெரியாது. நான் ஊர்ல இல்லாத சமயத்துல என் டோக்கனைத் திருடிண்டு உள்ள போயிருக்கான்."

திருடன். ரெண்டு வருசம் அமாவாசைக்கு அமாவாசை அவர் பெயரை அழியாமல் காப்பாற்றிக் கொடுத்த மனுஷனை, நெற்றியில் அவர் வீட்டுத் திருமண்ணோடு கண்ணை மூடிக் கிடக்கிறவனை, திருடன் என்றார். நான் அவர்மேல் பாயப் போனேன். வார்டுபாய் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

டாக்டர் மாமியைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, ஒரு வாரமா இவர்தான் உங்க புருஷன்னு சொல்லிட்டு இருந்தீங்க. இப்ப ஒருத்தர் வந்து நிக்கறார். யார் உங்க புருஷன்?"

வார்டு முழுக்க எங்களையே பார்த்தது. மாமி கட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் இவரைக் காட்ட வேண்டும், என் நைனாவைக் காட்ட வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். காட்டிவிட்டால் அன்றைக்கே காலை எடுத்துவிடுவார்கள். அவள் கை மெல்ல எழுந்து, நின்றுகொண்டிருந்தவர் பக்கம் போயிற்று.

"அவர்தான்," என்றாள். உடனே, "ஆனா இவர் திருடலை. டோக்கனை நான்தான் எடுத்துக் குடுத்தேன். எப்பவும் நான்தான் குடுப்பேன். அவருக்கும் தெரியும்," என்றாள்.

அவர் அவளை முறைத்த முறைப்பை நான் மறக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதால் ஒன்றும் மாறவில்லை. திருடியிருந்தாலும், கொடுத்து வாங்கியிருந்தாலும், அட்டை நைனாவுடையது இல்லை. அதற்கு மேல் அவரை அங்கே வைத்திருக்க முடியாது என்றார் டாக்டர். தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், உடனே கொண்டுபோங்கள் என்றார். காகிதத்தை எடுத்துக்கொண்டு, "பேர் என்ன?" என்று கேட்டார்.

நான் வெளியே ஓடி அம்மாவைக் கூட்டி வந்தேன். இப்போது அவளை யாரும் தடுக்கவில்லை. ஏழு நாளில் முதல் தடவையாக உள்ளே வந்தவள், கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அப்புறம் ஓடிப்போய், முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"நீ யாரும்மா?" என்றார் டாக்டர்.

"இவரு சம்சாரம்."

"பேர் சொல்லு. உன் பேர் இல்ல, இவர் பேர்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வேதக்கோயில் புத்தகத்தில் எழுதும்போதுகூட அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவாள். அன்றைக்கும் நான்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பெயரை அவள் குரலில் நான் அதுவரை கேட்டதில்லை. நைனா கண்ணைத் திறந்தார். யார் கூப்பிட்டது என்று தேடுகிற மாதிரி முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

சைக்கிள் ரிக்ஷாவில் அம்மா உட்கார்ந்து அவரை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினேன். பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே காலை எடுத்தார்கள். ரெண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று அங்கே இருந்த டாக்டர் ஆரம்பித்தார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் நைனா போய்விட்டார்.

மாமி வீட்டுக்காரர் அடுத்த வாரமே முதல் ஷிப்டுக்குப் போனார். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. மூன்று பெண்களை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருப்பார் என்று பெரிய மனசோடு சிலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். செய்திருக்கட்டும், திருடன் என்று சொல்லாமல் செய்திருக்கலாம். மாமி அதற்கப்புறம் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவர்கள் அந்தத் தெருவில் இருந்த வரைக்கும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, யாரோ சொன்னார்கள் என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனாள். வேலை செய்கிற இடத்தில் அடிபட்டுச் செத்தவன் வீட்டுக்கு ஒரு வேலை தருவார்கள், கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். பெருக்குகிற வேலை ஏதாவது கிடைக்கும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். டைம் ஆபீஸ் ஜன்னலில் அதே டைம்கீப்பர் இருந்தார். நைனா ஆஜர் சார் என்று சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக் கோடு இழுத்தவர். எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். ஆனாலும் பேரைக் கேட்டார்.

அம்மா சொன்னாள்.

அவர் புத்தகத்தைத் திறந்து விரலால் மேலிருந்து கீழே தேடினார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி தேடினார். தலையைத் தூக்காமலே, "இந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செய்யலியேம்மா," என்றார்.

"நல்லாப் பாரு சார். அவரு செத்தது இங்க பட்ட அடியிலதான்," என்றாள் அம்மா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்குக் காது கேட்காததுபோல, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தடவை சொன்னாள். அவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். எங்களுக்குப் பின்னால் வில்லைகளோடு நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அம்மா நகரவில்லை. திரும்பவும் சொன்னாள். அதற்குள் அந்தப் பெயர் அவள் வாய்க்குப் பழகிவிட்டிருந்தது.